அடைபட்ட குழாயும் அடைபட்ட வாயுவும்

சண்டிலிப்பாயிலிருந்து மானிப்பாய்க்கு நடந்தே சென்றுவிடலாம். 1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார், அந்த மானிப்பாயிலிருந்தே எம்மவர்க்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். வைத்தியம் பயில்வோர்க்கு இரசாயன அறிவும் இன்றியமையாதது ஆதலின், அவ்வியலைக் கூறும் நூலொன்றும் தமிழில் ஆக்கப்பெற்று, 'கெமிஸ்தம்' என்னும் பெயருடன் 1875ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆகவே இரசாயனவியல் எமது அயலுக்குப் புதிதாக வந்த விருந்தாளி அன்று. ஆயினும் இன்று அதே அயலிலே அமிலமும் காரமும் வீட்டுக்கு வீடு போத்தல்களில் வந்து நிறைந்திருக்க, அவற்றைப் பற்றிய அறிவு மாத்திரம் அந்தப் போத்தல்களுடன் வந்து சேரவில்லை. அடைபட்ட குழாயொன்றைத் திறக்கப் புகுந்து ஒருவர் தம் உயிரையே இழத்தல் கூடும் என்பதைப் பலர் அறியார். அஃது எவ்வாறு நேர்கின்றது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

எம் பாட்டன்மார் காலத்து வீடுகளில் அடைபடுவதற்குக் குழாய் இருந்ததில்லை. கிணற்றடியிற் சிந்திய நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் ஓடிற்று. அடுக்களைச் சட்டி பானைகள் சாம்பலாலும் தேங்காய்த் தும்பாலும் துலக்கப்பட்டன; பித்தளைக் குடத்துக்கும் குத்துவிளக்குக்கும் பழப்புளி போதியதாயிருந்தது. சாம்பல் காரத்தன்மை உடையது. புளி அமிலத்தன்மை உடையது. இரண்டும் ஒரே கிணற்றடியில் ஒன்றோடொன்று கலந்தன, கலந்து சிறிது நுரைத்தன, அவ்வளவே. அதனால் எவருக்கும் மூச்சடைத்ததாக நாம் கேள்வியுற்றதில்லை. அமிலமும் காரமும் சந்திப்பதால் மாத்திரம் ஆபத்து விளைவதில்லை என்பதை வாசகர் இங்கே மனத்திற் கொள்ளல் வேண்டும். ஆபத்து விளைவதற்கு மூன்றாவது பொருளொன்று வேண்டும். அப்பொருள் அந்நாளைய கிணற்றடியில் இல்லை. இந்நாளைய குளியலறையில் உண்டு.

இன்றைய வீடு நிலத்துக்குக் கீழே குழாய்களை உடையது. அவற்றின் வளைவுகளிலே தேங்காய்ப் பூவும், சோற்றுப் பருக்கையும், தலைமயிரும், சவர்க்காரக் கசடும் சேர்ந்து இறுகுகின்றன. நீர் இறங்க மறுத்தவுடன் கடைக்குச் சென்று 'மருந்து' ஒன்று வாங்கி வந்து ஊற்றுகின்றோம். மருந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அச்சொல்லே பாதி மயக்கத்துக்குக் காரணம். ஒரு மருந்துக்கு அடைப்புத் திறக்காவிட்டால் மற்றொன்றை ஊற்றுகின்றோம். அதற்கும் திறக்காவிட்டால் அயல்வீட்டிலிருந்து மூன்றாவதொன்றை இரவல் வாங்குகின்றோம். முன்பு ஊற்றியது எங்கும் போய்விடவில்லை, குழாய் அடைபட்டிருப்பதால் அதே வளைவில் அப்படியே தேங்கிக் கிடக்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

கிறீன் வைத்தியர் பிறந்த அதே மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே, பேர்லிங்டன் என்னும் ஊரிலுள்ள உணவுச்சாலை ஒன்றில், 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நிகழ்ந்த ஒரு மரணம் இவ்விடயத்தைத் தெளிவாகக் காட்டும். சமையலறைத் தரையிலே சுண்ணப் படிவை நீக்கும் அமிலத் திரவம் சிந்தியிருந்தது. அதனை அறியாத வேறொரு தொழிலாளி, வழக்கம்போலத் தரையைக் கழுவுவதற்காகக் குளோரீன் சார்ந்த மற்றொரு திரவத்தை அதன்மேல் ஊற்றினார். தரை பச்சை நிறம் பெற்றுக் குமிழியிட்டது. ஊற்றியவர் மூச்சுத் திணறி வெளியேறினார். அங்கு முகாமையாளராயிருந்த இளைஞர், பிறர்க்குத் தீங்கு நேராதிருக்கும் பொருட்டு அக்கலவையை வாசலுக்கு வெளியே வழித்துத் தள்ள முயன்றார்; அவரே இறந்தார். மேலும் பத்துக்கு மேற்பட்டோர் வைத்தியசாலையை நாடினர். இங்கே யாரும் இரண்டு பொருள்களைக் கையில் எடுத்து வேண்டுமென்று கலக்கவில்லை என்பதைக் கவனிக்க. ஒருவர் விட்டுச் சென்றதன்மேல் மற்றொருவர் ஊற்றினார். எமது வீடுகளிலும் இரவில் மாமியார் ஊற்றியதை அறியாமல் காலையில் மருமகள் வேறொன்றை ஊற்றுதல் நிகழக்கூடியதே.

இனி அந்த மூன்றாவது பொருளின் வரலாற்றைப் பார்ப்போம். குளோரீன் என்பது மஞ்சள் கலந்த பசுமை நிறமுடைய வாயு. சுவீடன் நாட்டில் வாழ்ந்த சேலே என்னும் மருந்துக்கடைக்காரர் 1774ஆம் ஆண்டில் இதனை முதன்முதலிற் பிரித்தெடுத்தார். இஃது ஒரு மூலகமே என்று நிறுவி, 1810ஆம் ஆண்டில் அதற்கு இப்பெயரை இட்டவர் ஆங்கிலேய விஞ்ஞானி டேவி. நிறத்தை அழிக்கும் இதன் ஆற்றலைப் பிரான்சு நாட்டு பேர்த்தொலே என்பார் துணி வெளிற்றுதற்குப் பயன்படுத்தினார். அதன் பின்னர் 1799ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்துத் தென்னன்ற் என்பவர், சுண்ணாம்பிலே குளோரீனைச் செலுத்தி வெளிற்றும் தூளைச் செய்து உரிமம் பெற்றார். 1847ஆம் ஆண்டில் வியன்னா நகர வைத்தியர் செமல்வைஸ், குளோரீன் கலந்த சுண்ணாம்பு நீரிலே கைகளைக் கழுவச் செய்து பிரசவ விடுதியிற் பல தாய்மாரைக் காப்பாற்றினார். அதே குளோரீன் 1915ஆம் ஆண்டு ஏப்பிரல் 22ஆம் நாள் பெல்சிய நாட்டு ஈப்பர் நகரின் அருகே, போர்க்களத்திலே உருளைகளிலிருந்து திறந்துவிடப்பட்டு, பதுங்குகுழிகளில் இருந்த வீரரைக் கொன்றது. இரண்டு வரலாறும் ஒரே வாயுவுக்கு உரியன.

எமது நாட்டிலே இதன் பிறப்பிடத்தைக் காணத் தூரம் போகவேண்டியதில்லை. ஆனையிறவு உப்பளத்து உப்பைக் கொண்டு பரந்தனில் இயங்கிய இரசாயனத் தொழிற்சாலையை எம்மில் மூத்தோர் நன்கறிவர். வடக்கின் பெருமைகளுள் ஒன்றாயிருந்த அஃது 1980களில் போர்ச் சூழலால் நின்றுபோயிற்று. உப்பு நீரினூடாக மின்னோட்டத்தைச் செலுத்தினால் ஒரு முனையிற் குளோரீன் வாயு எழும். மறுமுனையில் ஐதரசன் எழும். எஞ்சிய நீரில் எரிசோடா தங்கும். குளோரீனையும் ஐதரசனையும் சேர்த்து நீரிற் கரைத்தால் ஐதரோக்குளோரிக்கமிலம் கிடைக்கும். குளோரீனை எரிசோடாக் கரைசலிலே செலுத்தினால் வெளிற்றுந் திரவம் கிடைக்கும். இப்பொழுது வீட்டுக் குளியலறைத் தட்டை நோக்குக: குழாய் அடைப்பு நீக்கும் வெண்மணிகள் எரிசோடா, மலசலகூடக் கிண்ணத்துக் கறை நீக்கும் திரவம் பெரும்பாலும் ஐதரோக்குளோரிக்கமிலம், துணிக்கும் தரைக்கும் இடுவது வெளிற்றுந் திரவம். மூன்றும் ஒரே உப்பின் மக்கள். தனித்தனியே வைத்தால் மூன்றும் ஏவல் செய்யும். ஒரே குழாய்க்குள் அடைத்தால் பகை மூளும்.

வெளிற்றுந் திரவத்தில் குளோரீன் அழிந்துவிடவில்லை. காரத்தினால் அடைபட்டுக் கிடக்கின்றது என்று கொள்க. காரம் மிகுதியாயிருக்கும் வரை அஃது அடங்கியிருக்கும். அமிலம் வந்து அக்காரத்தை அழித்தவுடன் சிறைக்கதவு திறந்ததுபோலக் குளோரீன் வாயுவாக வெளிப்படும். இதற்குக் கடிய அமிலமே வேண்டும் என்பதில்லை. வினாகிரியும் தேசிக்காய்ப் புளியும் கூட இதனைச் செய்யும். அளவிலும் விரைவிலும் வேற்றுமை உண்டு, தன்மையில் இல்லை. 'இயற்கைப் பொருள்தானே' என்று வினாகிரியைக் குளோரீன் திரவத்துடன் சேர்ப்போர் இதனை அறிதல் நன்று. கொரோனாத் தொற்றுப் பரவிய 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, அமெரிக்கப் பெண்ணொருவர் காய்கறிகளைக் கழுவுவதற்காகச் சமையலறைத் தொட்டியில் வெளிற்றுந் திரவத்தையும் வினாகிரியையும் சுடுநீரையும் ஒருங்கே விட்டு, எழுந்த ஆவியால் மூச்சுத் திணறி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்ட செய்தியை அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் வெளியிட்டனர். அவர் பிழைத்துக்கொண்டார். அவ்வாண்டு சனவரி முதல் மார்ச்சு வரை அந்நாட்டு நஞ்சுத் தகவல் நிலையங்களுக்குத் துப்புரவுப் பொருள்களும் தொற்றுநீக்கிகளும் பற்றி வந்த முறைப்பாடுகள் 45,550. முன்னைய ஆண்டின் அதே மூன்று மாதங்களில் அவை 37,822. துப்புரவில் அக்கறை மிகும்போது துப்புரவினால் வரும் கேடும் மிகுகின்றது.

அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை இன்னும் தெளிவாகும். கடையில் விற்கும் வெளிற்றுந் திரவம் நூற்றுக்கு ஐந்து பங்கு வலிமை உடையதெனக் கொள்வோம். அதில் ஒரு தேநீர்க் கோப்பையளவு, அதாவது 100 மில்லிலீற்றர், போதிய அமிலத்துடன் கூடினால் ஏறத்தாழ ஒன்றரை லீற்றருக்கு மேற்பட்ட குளோரீன் வாயு பிறத்தல் கூடும். நாலடி அகலமும் ஆறடி நீளமும் எட்டடி உயரமும் உடைய குளியலறையொன்றின் கொள்ளளவு 192 கன அடி. ஏறக்குறைய 5,400 லீற்றர். வாயு முழுவதும் அவ்வறையிலே பரவினால், காற்றின் பத்து இலட்சம் பங்கில் முந்நூறு பங்கு குளோரீனாகும். பத்து இலட்சத்தில் ஒன்று முதல் மூன்று பங்கிலேயே கண்ணும் மூக்கும் எரியத் தொடங்கும். முப்பது பங்கில் இருமலும் நெஞ்சுநோவும் வரும். நாற்பது முதல் அறுபது பங்கில் நுரையீரல் அழற்சியுற்று நீர் கோக்கும். நானூற்றுக்குச் சற்று மேற்பட்ட அளவில் அரை மணிநேரம் இருப்பவர் பிழைத்தல் அரிது. இதுவோ ஒரு கோப்பைக்குரிய கணக்கு. அடைபட்ட குழாயில் ஒருவரும் ஒரு கோப்பையோடு நிறுத்துவதில்லை. வாயு முழுவதும் ஒரே கணத்தில் எழாது என்பதும், ஒரு பகுதி நீரிலே கரைந்து நிற்கும் என்பதும் மெய்யே. ஆனால் அது காற்றைவிட இரண்டரை மடங்கு பாரமானது. மேலே எழுந்து யன்னல் வழியே போகாது, தரையோடு தரையாகப் படியும். குந்தியிருந்து கிண்ணத்தைத் தேய்ப்பவரின் முகம் இருக்குமிடமும் அதுவே. எமது வீடுகளில் அப்பணியைச் செய்பவர் பெரும்பாலும் பெண்களே என்பதையும் இங்கே சொல்லாமல் விடுதற்கில்லை.

உடலினுள் இவ்வாயு செய்யும் கேடு வஞ்சகமானது. மூக்கு, தொண்டை, நுரையீரல் ஆகியவற்றின் ஈரத்தோடு கூடியவுடன் அஃது அமிலமாக மாறி அங்கேயே அரிக்கின்றது. முதலில் இருமலும் கண்ணீரும் உண்டாகி, வெளிக்காற்றுக்கு வந்தபின் அவை தணிந்ததுபோலத் தோன்றும். சில மணிநேரம் சென்ற பின்னரே நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் தடைப்படுதலும் உண்டு. மாலையில் 'சுகமாகிவிட்டது' என்று படுத்தவர் நள்ளிரவில் இளைப்பெடுத்து எழுவது இதனாலேயே. தொய்வு நோயுடையோர்க்குச் சிற்றளவும் பேரளவாகும்.

இவ்விடயம் எங்கும் உள்ளதேயாயினும் எமது குடாநாட்டுக்குச் சிறப்பாக உரியதாவதற்குக் காரணம் எம் காலடியிலுள்ள சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறில்லை. மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கையாறு ஒன்று உண்டு. குடிப்பதும் குளிப்பதும் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலே தங்கிய மழைநீரையே. அந்நீர் வன்னீர். வன்னீர் தேங்கும் இடமெங்கும் வெண்சுண்ணம் படியும். கேத்திலின் அடியிலும், குழாயின் வாயிலும், மலசலகூடக் கிண்ணத்திலும் அதனைக் காண்கின்றோம். சவர்க்காரமும் வன்னீரில் நுரையாது கசடாகித் திரளும். அக்கசடே குழாயை அடைப்பவற்றுள் முதன்மையானது. சுண்ணப் படிவை நீக்க அமிலம் சிறந்தது ஆதலால், மென்னீர் உள்ள ஊர்களைவிட எமது வீடுகளில் அமிலப் போத்தலுக்கு வேலை அதிகம். மறுபுறத்திலே, குடிநீர் கிணற்றிலிருந்தே வருவதால் வெள்ளத்துக்குப் பின்னரும் வயிற்றோட்டம் பரவுங் காலத்தும் கிணற்றுக்கு இட வெளிற்றும் தூளும் வீட்டில் இருக்கும். இவ்வாறு அமிலமும் குளோரீனும் ஒரே கூரையின்கீழ் வந்து தங்குகின்றன. வெளிற்றும் தூள் இட்டுக் கழுவிய தரையில் அதே நாளில் அமிலம் இடுதல், அமிலப் போத்தலையும் தூட்பொதியையும் ஒரே பெட்டியில் வைத்தல், தூளை அள்ளிய ஈரக் கோப்பையாலேயே அமிலத்தை மொள்ளுதல் ஆகியன சிறு காரியங்களாகத் தோன்றும். தோற்றமே அவ்வாறு.

அமோனியாவுடன் குளோரீன் திரவம் கூடினால் விளைவது வேறொரு நச்சு வாயுத்தொகுதி; அவற்றைக் குளோரமைன்கள் என்பர். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அமோனியா உண்டு. அதைவிட எமக்கு அண்மையிலுள்ளது சிறுநீர். நாட்பட்ட சிறுநீரிலே யூரியா சிதைந்து அமோனியாவாகின்றது. பள்ளிக்கூடங்களிலும் பொது மண்டபங்களிலும் பல நாள் கழுவாத சிறுநீர்க் கழிப்பிடத்திலே வெளிற்றுந் திரவத்தைச் செறிவாக ஊற்றுவோர் கண் எரிந்து ஓடிவருவதன் காரணம் இதுவே. முதலில் நீரால் நன்கு அலசி, அதன் பின்னர் நீர்கூட்டிய திரவத்தை இட்டால் இத்தொல்லை இல்லை.

எரிசோடாவைப் பற்றியும் கூறவேண்டும். வெண்மணிகளாக விற்கப்படும் இது நீரிற் கரையும்போதே மிகுந்த வெப்பத்தை வெளிவிடும். சிறிதளவு நீரிலே பெருமளவு எரிசோடாவை இட்டால், அல்லது அதன்மேற் சுடுநீரை ஊற்றினால், கரைசல் கொதித்துச் சீறி முகத்தில் தெறிக்கும். கார எரிவு அமில எரிவைக் காட்டினும் கண்ணுக்குக் கொடியது. அது கண்ணின் மேற்பரப்போடு நில்லாது உள்ளே இறங்கும். இக்காலத்துப் பிளாஸ்திக் குழாய்கள் அவ்வெப்பத்தில் இளகி மூட்டுகளில் நெகிழ்தலும் உண்டு. சில வகை மணிகளில் அலுமினியத் துகள்களும் கலந்திருக்கும். அவை எரிசோடாவுடன் கூடி ஐதரசனை வெளிவிட்டு அடைப்பைக் கலக்கும். ஐதரசன் எரியுந் தன்மையது. அருகிலே விளக்கோ சுருட்டு நெருப்போ கூடாது. எரிசோடா இட்டு அடைப்புத் திறவாதிருக்க, அதே குழாயில் ஒருவர் செறிந்த சல்பூரிக்கமிலத்தை ஊற்றினால், குழாய்க்குள்ளேயே காரமும் அமிலமும் மோதி அந்த வெப்பத்தால் உள்ளிருப்பது முழுவதும் மேலே பீறிடும். இங்கே குளோரீன் இல்லை. ஆயினும் கண் போதல் கூடும். அப்பச்சோடாவும் வினாகிரியும் சேர்ப்பதால் நஞ்சு எதுவும் விளையாது, நுரை மாத்திரமே. அந்நுரை பெரிய அடைப்பைத் திறக்கும் என்று சொல்வோரை நாம் நம்புவதில்லை.

குழாயின் மறுமுனையில் இருப்பது குழி. எமது பகுதியிற் கழிவுநீர் பெரும்பாலும் வளவிலுள்ள குழிக்கே போகின்றது. அக்குழியினுள் அழுகும் பொருளிலிருந்து ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயு எப்பொழுதும் சிறிது சிறிதாகப் பிறக்கும். மேலிருந்து அமிலத்தைப் பெருமளவு ஊற்றினால் அது விரைந்து வெளிப்படும். கூழ்முட்டை மணம் வீசும் இவ்வாயுவின் கொடுமை யாதெனில், செறிவு மிகுந்தவுடன் அது மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். மணம் நின்றதென்று மகிழ்பவர் அடுத்த கணம் மயங்கி விழுவார். அமிலம் குழியின் சுண்ணாம்புக்கற் சுவரிலே பட்டாற் காபனீரொட்சைட்டும் நுரைத்தெழும். அதுவும் பாரமான வாயுவே, குழியின் அடியில் நின்று ஒட்சிசனை விலக்கும். ஆதலால் அடைப்பைப் பார்க்கக் குழிக்குள் ஆளை இறக்குதல் எக்காரணத்தாலும் கூடாது. முதலில் இறங்கியவர் விழ, அவரைத் தூக்க இறங்கிய மற்றொருவரும் விழும் செய்தியை இந்தியப் பத்திரிகைகளில் ஆண்டுதோறும் படிக்கின்றோம். அந்நாட்டில் 2013ஆம் ஆண்டில் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. கழிவுநீர்க் குழிகளில் மாண்டோர் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபா வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டிற் பணித்து, 2023ஆம் ஆண்டில் அதனை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கின்றது, மரணம் நிற்கவில்லை.

கிணறு வேறு, குழி வேறு என்று எண்ணுவோர்க்கு ஒன்று சொல்வோம். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வளவு எல்லையை அறியா. சுன்னாகத்துக் கிணறுகளிலே கழிவெண்ணெய் கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரும் முறைப்பாடாக எழுந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். ஒரு வீட்டார் குழியில் ஊற்றும் அமிலம் அளவிற் சிறிதாயினும், அது கரைப்பது அயலவரின் நீரையும் தாங்கிநிற்கும் கல்லையே.

யப்பான் நாட்டிலே 1980களின் பிற்பகுதியில், குளியலறையைக் கழுவும்போது அமிலத் திரவமும் குளோரீன் திரவமும் கலந்து பெண்கள் சிலர் இறந்தனர். அதன் விளைவாக அந்நாட்டு அரசு, இத்தகைய போத்தல்களின் முகப்பிலே 'கலக்காதே, ஆபத்து' என்னும் பொருளுடைய சொற்கள் பெரிய எழுத்திற் பொறிக்கப்பட வேண்டும் என விதித்தது. இன்றும் அந்நாட்டுச் சிறுவரும் அதனை வாசித்தறிவர். எமது கடைகளிலுள்ள போத்தல்களிலும் எச்சரிக்கை இல்லாமலில்லை. ஆனால் அது பின்புறத்தில், கண்ணாடி அணிந்தவரும் வாசிக்க இயலாத நுண்ணெழுத்தில், பலவேளைகளில் எம் தாய்மார் அறியாத மொழியில் இருக்கின்றது. இது போதாதென்று, மொத்தமாக வாங்கிய அமிலத்தையும் குளோரீன் திரவத்தையும் பழைய சோடாப் போத்தல்களில் நிரப்பிப் பெயரெழுதாமல் விற்போரும், அதனை மலிவென்று வாங்குவோரும் உளர். நிறமற்ற இரண்டு திரவங்கள் ஒரே வகைப் போத்தலில், ஒரே தட்டில் நிற்குமாயின், அவற்றை வேறுபடுத்தி அறிவதற்கு முகர்ந்து பார்த்தலன்றி வேறு வழியில்லை, அதுவோ செய்யத்தகாதது. பெயர் எழுதாத போத்தலை வீட்டுக்குள் விடாதிருப்பதே முறை. எழுதும் கடதாசியும் பசையும் பள்ளிக்கூடப் பிள்ளையிடத்தில் உண்டு.

அடைப்பை நீக்கும் வழிகளுள் இரசாயனம் வேண்டாதவையே சிறந்தவை என்பது எமது துணிபு. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறையும் இயல்பினது. மார்கழி, தை மாதத்து விடியற்காலையிலே போத்தலில் எண்ணெய் உறைந்து நிற்பதை நாம் காண்பதில்லையா? அடுக்களைக் குழாயிலும் அவ்வாறே உறைந்து கசடைப் பற்றிக்கொள்ளும். கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேற்பட்ட வெந்நீரை இரண்டு மூன்று முறை ஊற்றினால் அஃது உருகிப் போய்விடும். கொதிநீர் பிளாஸ்திக் குழாய்க்கு ஆகாது. அதற்கும் இணங்காவிட்டால் மரப்பிடி பூட்டிய றப்பர்க் கிண்ணத்தைத் துவாரத்தின்மேல் அழுத்தி, நீர் நிற்கும்படி விட்டு, மேலும் கீழுமாக இழுக்க வேண்டும். பெரும்பாலான அடைப்புகள் பத்துப் பன்னிரண்டு இழுப்பில் விடும். தொட்டியின் கீழுள்ள வளைகுழாயைக் கையாற் கழற்றலாம். கீழே வாளியொன்றை வைத்துக் கழற்றிக் கழுவிப் பூட்டுதல் கால் மணிநேர வேலை. வளையும் கம்பியும் உதவும். ஆனால் முன்னரே ஏதேனும் திரவம் ஊற்றியிருந்தால் கிண்ணத்தை அழுத்துதலும் குழாயைக் கழற்றுதலும் கூடாது. உள்ளிருப்பது கண்ணிலே தெறிக்கும். மேசன்மாரையோ குழாய் பொருத்துநரையோ அழைக்கும்போது, இன்ன நாளில் இன்ன பொருளை ஊற்றினோம் என்பதை மறைக்காமற் கூறுக. பலர் வெட்கத்தாற் கூறுவதில்லை. அந்த வெட்கத்துக்கு விலை கொடுப்பவர் குழாய்க்குமேல் முகத்தைக் குனிந்து வேலைசெய்பவர்.

இவ்வளவுக்குப் பின்னரும் கலவை நேர்ந்துவிட்டால், மணம் எழுந்த அக்கணமே மூச்சை அடக்கி வெளியேறுதல் முதற் கடமை. போத்தலை மூடவோ, தண்ணீர் ஊற்றவோ, தரையை வழிக்கவோ நிற்றலாகாது. பேர்லிங்டன் முகாமையாளர் இறந்தது அவ்வாறு நின்றதனாலேயே. போகும் வழியிற் கதவைத் திறந்துவிட்டுப் போகலாம். திறப்பதற்கென்று திரும்பிப் போகலாகாது. பிள்ளைகளை முற்றத்துக்கு அப்பால் காற்று வரும் பக்கமாகக் கொண்டுசெல்க. கண்ணிலோ தோலிலோ பட்டிருந்தால், பட்ட உடையைக் களைந்து, கிணற்று நீரையோ குழாய் நீரையோ கால் மணிநேரம் இடைவிடாது வார்க்க வேண்டும். காரம் பட்டதற்குத் தேசிக்காய்ப் புளியும், அமிலம் பட்டதற்குச் சோடாவும் தேய்க்கும் கைவைத்தியம் எரிவுக்குமேல் எரிவை உண்டாக்கும். விழுங்கியவர்க்கு வாந்தி வருவித்தலும் கூடாது. இறங்கும்போது சுட்ட பொருள் ஏறும்போதும் சுடும். மூச்சு வாங்குபவரைப் படுக்கவைக்காது சாய்த்து இருத்தி, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைக்கலாம். அன்றேல் கிடைக்கும் வண்டியில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லலாம். இருமல் நின்றுவிட்டதென்று பயணத்தைக் கைவிடற்க. வெளிக்காற்றில் வீடு நன்கு ஆறிய பின்னர், வேறொருவர் சென்று அவ்விரு போத்தல்களையும் இறுக மூடி, தனித்தனிப் பையிலிட்டு, வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுக. எது முதலில் ஊற்றப்பட்டது, எவ்வளவு நேரம் அறைக்குள் இருந்தார் என்னும் இரண்டு கேள்விகளையும் அவர் கட்டாயம் கேட்பார்.